ஒரு மேசை, இரண்டு அடுப்பு

அத்தியாயம் 19

2025 மே 17, சனிக்கிழமை. புதுக்கோட்டை மாவட்டம் ஆவூரை அடுத்த சவேரியார்பட்டியில், அந்தோணியார் அன்பியத்தின் மாதா சுரூபம் அன்று மாலை ஏழு மணிக்குக் கதவு எண் 3/41-க்கும், ஏழே முக்கால் மணிக்குக் கதவு எண் 3/41-க்கும் வருவதாகப் பட்டியலில் இருந்தது.

எழுத்துப்பிழை இல்லை. தெருக் குடும்பங்களின் செபக்குழுவான அன்பியத்தை நடத்தும் ஜெபமாலையம்மாள் யோசித்துத்தான் எழுதியிருந்தார். மே மாதம் மாதாவின் மாதம். நாளுக்கு ஒரு வீடாகச் சுரூபம் போகும். அன்று மாலை தெருவே அந்த வீட்டில் கூடிச் செபமாலை சொல்லும். முப்பத்தொரு நாள், பங்குக்கோயில் கொடுத்த முப்பத்தொரு குடும்ப அட்டை. இத்தனை வருடமும் இழுபறி இல்லாமல் போயிற்று. இந்த ஏப்ரல் கடைசியில் முப்பத்திரண்டாவதாக ஓர் அட்டை முளைத்தது. இங்கே வழக்கம், ஓர் அடுப்புக்கு ஓர் அட்டை. எப்படியும் ஒரு நாளில் இரண்டு வீட்டுக்குப் போயாக வேண்டும் என்றால், ஒரே வாசலுக்குள் இருக்கிற இரண்டு வீட்டுக்குப் போவதுதானே நடைக்குச் சுலபம்?

ஜாஸ்பினால் அதில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் பட்டியல் கோயில் சுவரில் ஒட்டப்பட்ட நாளிலிருந்து, அவள் வீட்டில் அடுப்பு இரண்டானது ஊருக்கே தெரிந்துபோயிற்று.

குழந்தைசாமி நெடுஞ்சாலைத் துறையில் சாலைப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து மூன்று வருடம். மூத்த மகன் மெல்வின் குவைத்தில். அவன் மனைவிதான் ஜாஸ்பின். மாத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். இளையவன் ஜெஸ்வின் மாத்தூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போகிறான். அவன் மனைவி ஜெனிஷா ஜெகதாப்பட்டினத்துப் பெண். ஆறு வருடம் ஒரே அடுப்பு. பள்ளிவிட்டு ஜாஸ்பின் வரும்போது நாலரை மணிக்கு டீ போட்டு, தன் டம்ளரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருப்பவள் ஜெனிஷா.

அது ஈஸ்டர் அன்று கெட்டது.

ஜாஸ்பினின் தங்கை வீட்டார் திருச்சியிலிருந்து விருந்துக்கு வந்திருந்தார்கள். ஆட்டுக்கறி, கோழி எல்லாம் ஆகியிருந்தது. மாமனாருக்குப் பிடிக்குமே என்று ஜெனிஷா, தன் அப்பா கொடுத்தனுப்பிய திருக்கைக் கருவாட்டில் ஒரு சட்டி குழம்பு வைத்து மேசைக்குக் கொண்டுவந்தாள். தங்கையின் மாமியார் மூக்கைச் சுளித்தது ஜாஸ்பின் கண்ணில் பட்டது. அவள் வாய் முந்திக்கொண்டது.

"ஜெனி, அந்த வீச்சத்தை அங்கிட்டு கொண்டுபோ. மனுசர் உக்காந்து சாப்புட வேணாமா?"

அங்கே பதினோரு பேர் இருந்தார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஜெனிஷா சட்டியைக் கொல்லையில் கொண்டுபோய் வைத்தாள். அடுத்த ஞாயிறு பின்கட்டு அறையில் தனி அடுப்பு எரிந்தது. மறுநாள் தனி அட்டை. இருபது நாளாக ஓரகத்திகள் இருவருக்கும் பேச்சில்லை.

நேற்று குழந்தைசாமி இன்னொரு சேதி கொண்டுவந்தார். கீரனூரில் வாடகைக்கு ஒரு வீடு இருக்கிறதாம். திங்கட்கிழமை ஜெஸ்வினும் ஜெனிஷாவும் போய்ப் பார்க்கப்போகிறார்களாம். பிடித்தால் ஜூன் ஒன்றாம் தேதி குடிபோகிறார்களாம்.

தனி அடுப்பு நாலு நாளில் அணைந்துவிடும் என்று ஜாஸ்பின் நினைத்திருந்தாள். கீரனூர் அப்படி இல்லை. கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் இருவரும் திருச்சியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்கள். காலையில் எழுந்து யாரிடமும் பேசாமல் பல் துலக்கி, யாரிடமும் பேசாமல் சோறு வடித்து, ஒரு வாரத்திலேயே அவளுக்கு ஜெனிஷா இல்லாத இந்த வீடு எப்படி இருக்கும் என்று தெரிந்துபோயிற்று. ஜெனிஷா போகக் கூடாது. அது தெளிவாக இருந்தது. அதை எந்த வாயால் சொல்வது என்பதுதான் தெளிவாக இல்லை.

*

காலை பத்தரைக்கு அவள் அடுப்படி மேசைக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

அந்த வீட்டில் மேசை என்று இருப்பது அது ஒன்றுதான். விசைப்படகு கட்டும் ஆசாரி செய்தது. வேங்கை மரம். ஆணி கிடையாது, ஸ்குரூ கிடையாது, எல்லாம் மரமுளை, கழற்ற முடியாது. ஜெனிஷாவின் சீராக அது வந்து இறங்கியபோது அடுப்படிக்குப் பின்சுவர் எழும்பவில்லை. அப்படியே தூக்கி உள்ளே வைத்தார்கள். பிறகு சுவர் எழும்பிற்று, வாசல் குறுகிற்று. தனி அடுப்பு வைத்த அன்று ஜெஸ்வின் அதைச் சாய்த்துப் பார்த்தான், புரட்டிப் பார்த்தான், ஒரு காலை வெளியே விட்டு இழுத்தும் பார்த்தான். வரவில்லை. ஆக, இருபது நாளாக ஜெனிஷாவின் மேசையில் ஜாஸ்பின் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

முன்பக்க விளிம்பில் சிவப்புப் பெயின்டில் ஜெனிஷாவின் அப்பா பெயர் எழுதியிருந்தது: அன்பளிப்பு, அ. சந்தியாகு, ஜெகதாப்பட்டினம்.

அதன்மேல்தான் மாதாவை வைக்க வேண்டும். சோடனைக்கு இந்த வருடம் ஒரு கட்டுப்பாடும் உண்டு. போன மே மாதம் ஒரு வீட்டில் சீரியல் லைட் போட, அடுத்த வீட்டில் தெர்மாகோல் கோபுரம் வைக்க, அதற்கடுத்த வீட்டுக்காரர் வாடகைக்கு எல்இடி வளைவு கொண்டுவந்து நிறுத்த, அன்று தெருவுக்கே ஃபியூஸ் போய், மூன்று மணி நேரம் விசிறிக்கொண்டே செபம் சொன்னார்கள். இந்த வருடம் பங்குச்சாமி ஒரே வரியில் முடித்துவிட்டார். கடையில் வாங்கியது எதுவும் கூடாது. வீட்டில் புழங்குகிற சாமானை வைத்துச் சோடியுங்கள்.

ஜாஸ்பின் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து நாலு பக்கமும் தொங்கவிட்டாள். நடுவில் எவர்சில்வர் குடம். இரண்டு பக்கமும் சொம்பு, சொம்புக்குள் வேப்பங்கொத்து. முன்னால் வரிசையாக டம்ளர்கள். பின்னால் தள்ளி நின்று பார்த்தாள். முன்னால் வந்து ஒரு டம்ளரை நகர்த்தினாள். மறுபடி தள்ளி நின்றாள்.

பின்கட்டிலிருந்து குழந்தைசாமி வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"எப்படி மாமா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு தாயி."

"உண்மையச் சொல்லுங்க."

"ரேசன் கடை மாதிரி இருக்கு."

ஜாஸ்பினுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

"அது எம் வேட்டியா?" என்றார் அவர், குனிந்து பார்த்து.

"ஒங்க பெட்டியில புதுசா இருந்துச்சு மாமா."

"நான் செத்தா உடுத்திவிடச் சொல்லி எடுத்து வச்சது அது."

"மாமா!"

"இருக்கட்டும், இருக்கட்டும். மாதாவுக்கு ஒரு நாள் ஒதவட்டும். இங்கிட்டு என்ன பலகாரம்?"

"அங்கிட்டு சாப்புட்டுத்தானே வாரீங்க?"

"ஆறு இட்லி. அதுக்காக இங்கிட்டு வேணாம்னா நீ என்ன நெனைப்ப?"

"ஒங்களுக்குச் சக்கரை இருநூத்தி நாப்பதுன்னு நெனைப்பேன்."

"ஒரு மருமக கையில தின்னுட்டு இன்னொரு மருமகளை வேணாம்னு சொல்ல முடியுமா? நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிற வரைக்கும் சக்கரை ஏறத்தான் செய்யும்." அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஜாஸ்பின் இரண்டு தோசை ஊற்றினாள். அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அங்கிட்டு என்ன வச்சுச் சோடிக்குது?"

"மீன் பெட்டி."

"என்னது?"

"அவுக அப்பா மீனு கொண்டாந்து போடுவாரே, அந்த நீலப் பொட்டி. ஆறேழு கெடந்துச்சு. கவுத்துப் போட்டு அடுக்கிட்டிருக்கு. வேற என்ன செய்யும், மேசையா இருக்கு?"

கடைசி வார்த்தைகளை அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. சொன்ன பிறகு தோசையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

கல்லில் இரண்டாவது தோசை ஒரு பக்கம் கருகிற்று. இன்று மாலை முப்பது முப்பத்தைந்து பேர் வருவார்கள். முதலில் இங்கே. பிறகு எட்டு எட்டு நடந்து அங்கே. அந்தப் பெண் மாதாவை மீன் பெட்டிமேல் வைத்திருப்பதைப் பார்ப்பார்கள். அந்தப் பெண்ணின் மேசை இங்கே இருக்கிறது என்று விளிம்பிலேயே எழுதியிருப்பதையும் பார்ப்பார்கள்.

"மாமா, ஒரு எட்டு போயிட்டு வாங்க. இந்த மேசையிலயே ரெண்டு வீட்டுக்கும் சேத்து வச்சுக்கலாமான்னு கேளுங்க."

போனவர் ஐந்து நிமிடத்தில் திரும்பினார். கையில் இரண்டு நுங்கு.

"ஆளுக்கொரு அட்டை, ஆளுக்கொரு எடம்னு சொல்லுச்சு."

"அவ்வளவுதானா?"

"இந்தாங்க மாமான்னு நொங்கு குடுத்துச்சு. நொங்கு சக்கரைக்கு ஆகும்." அவர் ஒன்றை மேசைமேல் வைத்தார். "இனிமே என்னைத் தூது விடாத தாயி. எட்டு எட்டுதான், ஆனா படி ரெண்டு இருக்கு. முட்டி வலிக்குது."

*

இருபது நாளுக்குப் பிறகு ஜாஸ்பின் பின்கட்டுக்குப் போனாள்.

ஜெனிஷா அறைக்கு வெளியே குழாயடியில் குந்தியிருந்தாள். பக்கத்தில் நீலப் பெட்டிகள் வெயிலில் கவிழ்ந்து கிடந்தன. கையில் இருந்த பெட்டியை எலுமிச்சைத் தோலும் சவுக்காரமும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க" என்றாள். பேச்சில்லாவிட்டாலும் வந்தவரை வா என்று சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஜாஸ்பின் நின்றாள். ஜெனிஷா உட்காரச் சொல்லவில்லை.

"மூணு தரம் கழுவிட்டேன்" என்றாள் ஜெனிஷா, பெட்டியைப் பார்த்தே. "வீச்சம் இருக்காது."

பிரஷ் பெட்டியின் மூலைக்குப் போயிற்று. ஜாஸ்பினுக்கு முகம் சூடாகிற்று.

"ஜெனி, அன்னைக்கு நான் சொன்னது தப்பு."

பிரஷ் நின்றது. மறுபடி ஓடிற்று.

"சரிங்கக்கா."

"சரின்னா?"

"சரின்னா, கேட்டுக்கிட்டேன்."

"மனசுல வச்சுக்காத."

ஜெனிஷா பெட்டியைக் கவிழ்த்தாள். முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். கோபமான முகம் இல்லை. அதுதான் ஜாஸ்பினுக்குக் கஷ்டமாக இருந்தது.

"அன்னைக்குப் பதினோரு பேரு இருந்தாங்க. இன்னைக்கு நீங்களும் நானும்தான் இருக்கோம். சொல்லும்போது எல்லாரையும் வச்சுக்கிட்டுச் சொல்லுவீங்க, திருப்பி எடுக்கும்போது கொல்லையில எடுப்பீங்களா?"

கணக்கு டீச்சருக்கு விடை தெரிந்த கேள்விதான். எழுதத்தான் கை வரவில்லை.

"கீரனூர்ல வீடு பாத்திருக்கீங்களாமே."

"மாமா சொல்லியாச்சா? அவங்க வாயில இட்லியே நிக்காது, இதுவா நிக்கும்?"

ஜாஸ்பின் திரும்பி நடந்தாள். முதல் படியில் கால் வைத்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"வேட்டியத் தொங்கவிடாதீங்க. ஜன்னல் வழியாத் தெரியுது. மாமா துணி காயப் போட்ட மாதிரி இருக்கு. நாலா மடிச்சு மேல மட்டும் போடுங்க."

ஜாஸ்பின் நின்றாள். "வேற?"

"கொடத்தை எடுத்துருங்க."

"வேற?"

"வேற ஒங்க இஷ்டம்."

*

மதியம் கரண்ட் இல்லை. ஜாஸ்பின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எல்லாவற்றையும் கீழே இறக்கினாள். குடத்தைக் கொண்டுபோய் அதன் இடத்தில் வைத்தாள். வேட்டியை நாலாக மடித்து மேலே மட்டும் போட்டாள். மரம் தெரிந்தது. நல்ல மரம். ஆறு வருடமாகத் துடைத்த மரத்தை இப்போதுதான் பார்த்தாள்.

சோறு வடிக்கும் ஓட்டைத் தட்டை எடுத்து, அம்மிக் குழவியை முட்டுக் கொடுத்து நிமிர்த்தி வைத்தாள். கொல்லையில் நந்தியாவட்டை பூத்திருந்தது. ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு பூவைக் காம்போடு செருகினாள். இட்லித் தட்டின் குழிகளில் கல்லுப்பை நிரப்பி மெழுகுவர்த்தித் துண்டுகளை நட்டாள். கண்ணாடி டம்ளர்கள் ஆறு. இரண்டில் மஞ்சள் தண்ணீர், இரண்டில் பீட்ரூட் தண்ணீர், இரண்டில் வெறும் தண்ணீர். அரிசி புடைக்கிற சொளகில் ஒன்பது மாங்காய்.

மெல்வின் வீடியோவில் வந்தான். அவள் போனைத் திருப்பி மேசையைக் காட்டினாள்.

"என்னடி, ஸ்கூல் லேப் மாதிரி இருக்கு."

"ஒங்கப்பா ரேசன் கடைன்னாரு. அதுக்கு இது பரவால்ல."

"ஜெஸ்வின் பேசினான். கீரனூர் விசயம் தெரியும்ல?"

"தெரியும்."

"அந்தப் பிள்ளைகிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னேன். தப்புன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"பத்தலைன்னா."

"அப்ப பத்துற மாதிரி சொல்லு" என்றான். அதற்குள் அவனை யாரோ கூப்பிட்டார்கள்.

வேட்டியை மடித்ததால் விளிம்பு எழுத்து பளிச்சென்று தெரிந்தது. அவள் ஒரு வேப்பங்கொத்தை எடுத்து அதன் முன்னால் வைத்துப் பார்த்தாள். அளவாக மறைந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கொத்தை எடுத்துக் கொல்லையில் போட்டாள்.

*

ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பாட்டுச் சத்தம் தெரு முனையில் கேட்டது. முந்தின வீட்டுக்காரர் சுரூபத்தைத் தூக்கிவர, பின்னால் முப்பது பேருக்குமேல் மெழுகுவர்த்தியோடு வந்தார்கள். ஜெபமாலையம்மாள் கையில் நோட்டோடு முன்னால் நடந்தார்.

"அடுப்படியிலயா டீச்சர்?"

"மேசை வெளிய வராதுங்க."

"மாதாவும் அடுப்படியில நின்ன பொம்பளைதான். இருக்கட்டும்." அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு மேசையைப் பார்த்தார். ஓட்டைத் தட்டைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு விளிம்பைப் பார்த்தார். படிக்கத் தெரிந்தவர் எல்லாரையும்போல அவரும் சத்தமாகப் படித்தார். "அன்பளிப்பு, அ. சந்தியாகு. இது ஜெனிஷா மேசையில்ல?"

"ஆமாங்க. அவ மேசைதான்."

"அப்ப அங்கிட்டு எதுல வைப்பாக?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அடுப்படி ஆறு பேர் கொண்டது. மீதிப் பேர் ஹாலிலும் முற்றத்திலும் உட்கார்ந்தார்கள். அடுத்துச் சுரூபத்தை வாங்குகிற வீட்டார் முந்தின வீட்டுச் செபத்துக்கு வந்தாக வேண்டும். ஜெஸ்வினுக்கு இரண்டாவது ஷிப்ட். ஜெனிஷா மட்டும் முற்றத்துக் கடைசியில், பின்கட்டுக்குப் போகும் படியில் உட்கார்ந்திருந்தாள்.

செபமாலையின் ஐந்து பத்து மணிகளும் உருட்டி முடிந்தது. அவரவர் வேண்டுதலைச் சொல்லலாம் என்றார் ஜெபமாலையம்மாள். ஒருத்தர் மழை கேட்டார். ஒருத்தி மகளுக்கு நர்சிங் சீட் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் எல்லாரும் சேர்ந்து, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள்.

ஜாஸ்பின் மத்தியானம் முழுக்க ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தாள். மன்னிக்கிற மனம், குடும்ப சமாதானம் எல்லாம் வரும் நல்ல வாக்கியம். முழங்காலில் இருந்தவள் எழுந்தாள். வாக்கியம் வரவில்லை. சுரூபத்துக்கு முதுகைக் காட்டி, ஹாலைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஈஸ்டர் அன்னைக்கு ஜெனிஷா ஒரு கொழம்பு வச்சுக் கொண்டாந்தா. இந்த மேசைக்கு. நான் அதை வீச்சம்னு சொன்னேன். மனுசர் சாப்புடணும், அங்கிட்டு கொண்டுபோன்னு சொன்னேன். அவ மனுசருக்குத்தான் ஆக்கிட்டு வந்தா." செருமிக்கொண்டாள். "நான் சொன்னது தப்பு. ஆளுங்க முன்னாடி சொன்னேன், அதனால ஆளுங்க முன்னாடியே சொல்றேன்."

இதற்குப் பதில் சொல்லலாமா, கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. ஜெபமாலையம்மாளே நோட்டைப் பார்த்தார். அப்போது ஹால் மூலையிலிருந்து குழந்தைசாமி தனி ஆளாக, தேவைக்கு மேலேயே சத்தமாக, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!" என்றார். பிறகு எல்லாரும் சொன்னார்கள்.

"கருவாட்டுக் கொழம்புக்கா தனி அட்டை?" என்று ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் கிசுகிசுத்தாள்.

"சும்மா இருடி. ஒன் வீட்டுக் கதைய எடுக்கவா?"

ஜாஸ்பின் முற்றத்துக் கடைசியைப் பார்த்தாள். படியில் ஜெனிஷா இல்லை. எழுந்து போயிருந்தாள்.

*

ஏழு ஐம்பதுக்கு ஜாஸ்பின் சுரூபத்தைத் தூக்கினாள். கொடுக்கிற வீட்டார்தான் வாங்குகிற வீட்டு வாசல்வரை தூக்கிப்போக வேண்டும். பாட்டுத் தொடங்கிற்று. பாட்டின் முதல் வரி முடிவதற்குள் எட்டு எட்டும் முடிந்துவிட்டது. வாசலில் ஜெனிஷா நின்றாள். கண் சிவந்திருந்தது, முகம் கழுவியிருந்தாள்.

"கொஞ்சம் சாச்சுப் புடிங்கக்கா. கிரீடம் நெலையில தட்டும்."

ஜாஸ்பின் சாய்த்தாள். ஜெனிஷா வாங்கிக்கொண்டு உள்ளே திரும்பினாள்.

வாசலில் இருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். ஏழு நீலப் பெட்டிகளும் படிப்படியாக அடுக்கியிருந்தன. அவற்றின்மேல் துணி இல்லை. வெள்ளை மீன்வலை ஒன்று மேலிருந்து தரைவரை வழிந்து கிடந்தது. வலையின் கண்களில் அங்கங்கே ஒற்றை ஒற்றையாக நந்தியாவட்டை. குடைந்த நுங்கு மட்டைகளில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டிருந்தது. வலையின் கீழ் விளிம்பு முழுக்கக் கல்லுப்பைக் கொட்டியிருந்தாள். விளக்கு வெளிச்சத்தில் அது நனைந்த மணல்போல மின்னிற்று.

"அடேயப்பா" என்றார் ஜெபமாலையம்மாள். "எங்கள எல்லாம் பேசாம வீட்டுக்குப் போகச் சொல்லிட்டியேம்மா."

கூட்டம் சிரித்தது. ஜெனிஷாவும் கொஞ்சம் சிரித்தாள். ஜாஸ்பின் வாசல்படியிலேயே முழங்காலில் இருந்தாள். உள்ளே இடமில்லை. மீன் வாடையும் இல்லை. எலுமிச்சை வாடைதான் வந்தது. இதைக் கழுவ வைத்தது யார் என்று நினைத்தபோது அவளுக்கு செபமாலையின் இரண்டாம் பத்து மணிகளில் எண்ணிக்கை தவறிப்போயிற்று.

*

சுண்டலும் நீர்மோரும் தீர்ந்து எல்லாரும் போனபோது மணி எட்டே முக்கால். ஜாஸ்பின் அடுப்படியில் டம்ளர் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தாள். நிழல் விழுந்தது.

"அக்கா."

"வா ஜெனி."

அவள் உள்ளே வரவில்லை. நிலையில் சாய்ந்து நின்றாள்.

"கேட்டேன்."

"ம்."

"மறந்துட்டேன்னு சொல்ல மாட்டேன். சொன்னா பொய்."

"மறக்கச் சொல்லல."

"அத்தனை பேரு முன்னாடி சொல்லுவீங்கன்னு நெனைக்கல. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு."

ஜாஸ்பின் ஒரு டம்ளரைக் கழுவினாள். அதையே மறுபடியும் கழுவினாள்.

"கீரனூர் வீட்டை வேணாம்னு சொல்லிரலாமான்னு அவருக்குப் போன் போட்டேன்" என்றாள் ஜெனிஷா. "ஒன் இஷ்டம்ங்கிறாரு. என் இஷ்டம் என்னன்னு எனக்கே தெரியல. வீட்டைப் பாத்தாத்தான் தெரியும்."

"பாத்துட்டு வாங்க."

"திங்கக்கெழம அவருக்கு லீவு இல்ல. நீங்க வாரீங்களா?"

"நானா?"

"நீங்கதான் கேள்வி கேப்பீங்க. தண்ணி எத்தனை மணிக்கு வரும், ஓனர் மேல இருக்காரா கீழ இருக்காரா, மழை பேஞ்சா ஒழுகுமான்னு. எனக்கு வாய் வராது. எல்லாத்துக்கும் சரிங்கன்னு தலையாட்டிட்டு வந்துருவேன்."

போகாதே என்று சொல்ல ஜாஸ்பின் வாயெடுத்தாள். அதைச் சொல்கிற உரிமை இன்று மாலை ஒரு வேண்டுதலில் திரும்பி வந்துவிடவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"வீடு நல்லா இருந்தா?"

"நல்லா இருக்குன்னு சொல்லுங்க."

"நல்லா இல்லைன்னா?"

"அதையும் சொல்லுங்க. ஆனா, நெசமா நல்லா இல்லைன்னாத்தான் சொல்லணும்."

ஜாஸ்பின் டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"எத்தனை மணி பஸ்ஸு?"

"ஒம்பது பத்து."

ஹாலிலிருந்து குழந்தைசாமி குரல் கொடுத்தார். "அப்ப திங்கக்கெழம மத்தியானம் எனக்குச் சோறு எங்கிட்டு?"

ஜாஸ்பின் அடுத்த டம்ளரைக் கழுவ எடுத்தாள்.

திங்கட்கிழமை ஒன்பது பத்து பஸ் ஒன்பது இருபத்திரண்டுக்கு வந்தது. இருவரும் ஏறினார்கள்.